சந்தியாகுவின் உதட்டில் ஒரு பெண் ஈ

தோணிமலையில் சொல்லாமல் வைத்திருந்த சொற்கள் புளிக்கத் தொடங்கிய வருஷம் பலாவும் முன்னதாகவே பழுத்துவிட்டதால், முதல் சில வாரங்களுக்கு யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பலா பழுத்தால் ஈ வரும். வந்தால் கண்ணைச் சுற்றும், மூக்கைச் சுற்றும், பேசுகிறவர் வாய்க்குள் புகுந்து இரும வைக்கும். எள்ளில் பாதிகூட இல்லாத அந்தச் சிவப்புக்கண் ஈயை மலைக்காரர்கள் மூடுபனியைப் போலப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். டீக்கடை ராக்கப்பன்தான் முதலில் கவனித்தார். கடையில் தொங்கிய மலைவாழைத் தாரையும் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பணியாரத்தையும் விட்டுவிட்டு, டீ குடிக்க வந்த தவசியின் உதட்டுக்கு முன்னால் மட்டும் ஒரு கைப்பிடி ஈ அந்தரத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. தவசி துண்டால் விசிறினார், பீடி பற்றவைத்துப் புகைவிட்டார், பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாறி உட்கார்ந்தார், ஈக்களும் கூடவே மாறின; கடைசியில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போன வருஷம் ராக்கப்பனின் செவலை நாயை வண்டியில் அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போனது தான்தான் என்று சொன்னார். சொல்லி வாயை மூடுவதற்குள் ஈக்கள் கலைந்து, பணியாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசல் வழியாக வெளியேறின. ராக்கப்பன் நாயை நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தவசிக்கு இன்னொரு டீ ஆற்றிக் கொடுத்தார்.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. பழ ஈ என்று நாம் சொல்கிற இந்தச் சிற்றுயிர் பழத்துக்காக வருவதே இல்லை. நல்ல பழத்தில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. பழம் கனிந்து, தோல் விட்டு, உள்ளே சாறு பொங்கிப் புளிக்கிறபோது அந்தப் புளிப்பில் பெருகுகிற ஈஸ்ட்டைத் தின்னத்தான் வருகிறது. காயைத் துளைத்து முட்டையிட்டு மாந்தோப்புக்காரர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிற பெரிய பழ ஈ வேறு குடும்பம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் மேல்தான் குற்றம். ஆகவே புளிக்கிற எதைத் தேடியும் வருகிற ஒரு பூச்சி, புளித்துப்போன சொல்லைத் தேடி வந்ததில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தோணிமலை முடிவுசெய்தது. சொல் எப்படிப் புளிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. மாவு எப்படிப் புளிக்கிறது என்றும் அதுவரை யாரும் கேட்டதில்லை.

கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் நடைமுறை சார்ந்தவை. சொல்ல வேண்டியதை யாரிடம் சொன்னால் ஈ போகும்? மலையுச்சிப் பாறையிடம் கத்திப் பார்த்தார்கள், போகவில்லை. ஆட்டின் காதில் சொன்னார்கள், ஆடு ஓடியது, ஈ நின்றது. யாருக்குச் சேர வேண்டிய சொல்லோ அவர் காதில் விழுந்தால்தான் போகும் என்பதும், செல்போனில் சொன்னாலும் செல்லும் என்பதும், ஆனால் அந்தப் பக்கம் உண்மையாகவே காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பதும் மெதுமெதுவாகத் தெரியவந்தன. கிராம்பு மென்றவர்களுக்கும் கற்பூரம் கட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு பயனும் இல்லை. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையை ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்காரவைத்து, பலகாரம் தின்று முடிக்கும் வரை அவர் வாயையே பார்த்தார்கள். பவுனம்மா என்ற ஒருத்தி ஈக்குப் பயந்து, மனசில் தோன்றியதைத் தோன்றிய மாத்திரத்தில், அது நிஜம்தானா என்று தெரிந்துகொள்ளும் முன்பே சொல்லிவிடத் தொடங்கி, சுற்றியிருந்த மூன்று வீட்டோடு பேச்சுவார்த்தையை இழந்தாள். அதைப் பார்த்த பிறகுதான், பழுக்காத சொல் பல்லைக் கூச வைக்கும், முதல் ஈ வரும் வரை பொறுத்திருந்து பிறகு போய்ச் சொல்வதே முறை என்று ஊரில் ஒரு வழக்கம் படிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கத்தின் நடுவே முகத்தைச் சுற்றிக் கரும்புகை போல ஈ மண்டியபோது, பங்குச்சாமியார் புத்தகத்தை மூடிவிட்டு, இந்தக் கோயிலின் பாடகர் குழு பாடுவதைத் தன்னால் முதல் நாளிலிருந்தே தாங்க முடியவில்லை என்று சபைக்கு அறிவித்தார். அடுத்த வாரம் பாடகர் குழுவின் வாய்களைச் சுற்றி ஈ வந்தது. அவர்கள் பிரசங்கத்தின் நீளம் பற்றிச் சொன்னார்கள். அதன் பிறகு பாட்டும் பிரசங்கமும் சற்றே சுருங்கின, பூசை முன்னைவிட நன்றாக இருந்தது.

ஊர் அதற்கு வாய்க்கொசு என்று பெயர் வைத்தது. பிலோமினா டீச்சருக்கு அந்தப் பெயர் பொறுக்கவில்லை. மலையின் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிற அவள், படிக்கிற காலத்தில் இரண்டு வருஷம் பாட்டிலும் வலையுமாகக் காடுகாடாக அலைந்து இந்த ஈக்களைப் பொறுக்கியவள். கொசுவுக்கு ஊசி உண்டு, இதற்குக் கிடையாது, இது நக்கிக் குடிக்கிற சாதி, ஆகவே இது ஈ என்று டீக்கடையில் நின்று விளக்கினாள். சரிங்க டீச்சர், அப்ப இது வாய்க்கொசுதானே என்றார்கள்.

பெயரில் தோற்றாலும் அடையாளத்தில் அவளை விட்டால் ஊருக்கு ஆள் இல்லை. ஏனென்றால் பலாக்காலத்தில் சாதாரண ஈயும் மொய்க்கிறது. வாயருகே ஈ பறந்தவரெல்லாம் எதையோ ஒளிக்கிறார் என்று சொல்லிவிட முடியாது. மருந்துக் குப்பியிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் ஈயைப் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தார்கள். அவள் கைலென்ஸை எடுத்து ஜன்னலோரம் போவாள். இரண்டு வகையும் தேன் நிறம், இரண்டுக்கும் சிவப்புக் கண், இரண்டிலும் ஆணுக்கு வயிற்று நுனி கறுத்திருக்கும். ஆனால் சொல்லுக்கு வருகிற வகையில் ஆண் ஈயின் இறகு நுனியில் மட்டும், விளக்குப் புகை பட்டதைப் போல ஒரு புள்ளி உண்டு. பொட்டு வச்சது ஆம்பளயா என்று பெண்கள் சிரித்தார்கள். ஆம், அதுதான் சங்கடம். பெண் ஈக்கு இரண்டு வகையிலும் பொட்டு கிடையாது. பெண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தால், உலகத்தின் எந்த லென்ஸை வைத்துப் பார்த்தாலும் அவள் பலாவுக்கு வந்தவளா, பொய்க்கு வந்தவளா என்று சொல்ல முடியாது.

அந்த ஊரில் ஈ மொய்த்தும் யாரும் சந்தேகப்படாத ஒரே ஆள் பிலோமினாவின் கணவர் சந்தியாகு. வீட்டையொட்டிய கிட்டங்கியில் பலாவும் மலைவாழையும் வாங்கி அடுக்கி மதுரைக்கு அனுப்புகிறவர். கல்யாணமான நாளிலிருந்து அவரைச் சுற்றி ஈ இல்லாமல் பிலோமினா அவரைப் பார்த்ததில்லை. மண்டிக்காரன் வாயில மொய்க்காம அது மந்திரி வாயிலயா மொய்க்கும் என்று அவர் சிரிப்பார், கேட்டவர்களும் சிரிப்பார்கள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு திரிந்த நாட்களில் அவர் ஒருவர்தான் வாயைத் திறந்து கொட்டாவி விட்டார்.

பிலோமினாவுக்கு அந்தக் கொட்டாவி பிடிக்கவில்லை.

மாசியிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துத் தின்றார். பிறகு சோற்றைக் குழையப் பிசைந்தார். பிறகு பசிக்கவில்லை என்று கஞ்சிக்கு மாறினார். ஒரு நாள் சரக்கு வண்டியிலேயே தனியாக மதுரைக்குப் போய் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அவளுக்கு மல்லிகைப்பூவும் கையுமாகத் திரும்பினார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். வாயுவாம் என்றார். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் சொன்னது பொய் என்று சொன்னதாகிவிடும். ஆதாரம் இல்லாமல் ஒருவரைப் பொய்யர் என்று சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. பரீட்சையில் காப்பியடித்த பிள்ளையைக்கூட, துண்டுச்சீட்டு கையில் கிடைக்கும் வரை அவள் ஒன்றும் சொல்வதில்லை. ஆதாரம் கைக்கெட்டும் தூரத்தில், அவர் மூக்குக்குக் கீழே பறந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு பொட்டு ஈ போதும்.

ஆனால் பொட்டு ஈ கிடைக்கவில்லை. கண்ணாடிக் குழாயும் ரப்பர் குழாயும் சேர்த்த உறிஞ்சுகுழாயை, வாயில் வைத்து உறிஞ்சினால் ஈ கண்ணாடிக்குள் வந்து விழுகிற அந்தச் சின்னக் கருவியை, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அவள் கணவரைச் சுற்றிச்சுற்றி வந்தாள். அவர் முகம் கழுவும்போதும், கணக்குப்பிள்ளையோடு பேசும்போதும், ஜெபம் சொல்லும்போதும் பிடித்தாள். பிடித்த ஆண்களுக்கெல்லாம் இறகு சுத்தமாக இருந்தது. அதனால் நிம்மதி வர வேண்டும், வரவில்லை. கிட்டங்கியில் லட்சம் ஈ பறக்கிற இடத்தில் பிடித்தவை பலா ஈக்கள் என்றால், பிடிபடாதவை எவை? ஒன்று இருக்கிறது என்று நிரூபிக்க ஒன்று போதும், இல்லை என்று நிரூபிக்க எத்தனை பிடித்தாலும் போதாது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு அவளே பாடமாக எடுத்திருக்கிறாள்.

ஒரு மத்தியானம் அவர் கிட்டங்கியில் சாக்குப் படுதா மேல் அயர்ந்துவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னம் உள்ளே போயிருந்ததை அவள் அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். பக்கத்தில் வெடித்த பலா ஒன்று சாறு வடிய வடியக் கிடக்க, அதைத் தாண்டி வந்த ஓர் ஈ நேராக அவர் கீழ்உதட்டில் இறங்கி, முன்னங்கால்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு, வீட்டுக்காரி போல அங்கேயே நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக் குழாயை நீட்டி உறிஞ்சினாள். லென்ஸில் பார்த்தாள். வயிறு பருத்து, நுனி வெளுத்து இருந்தது.

பெண்.

இந்தத் துறையில் அதற்கும் ஒரு வழி உண்டு. தாயைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் மகன்களைப் பார்த்துச் சொல்லலாம். காட்டில் பிடித்த பெண் ஈயைத் தனியாக ஒரு குப்பியில் விட்டு, தீனி வைத்து, முட்டையிடவைத்து, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து இறகு விரிக்கும் வரை காத்திருந்தால், ஆண்பிள்ளைகளின் இறகு தாயின் குலத்தைச் சொல்லிவிடும். உதட்டில் நின்றவள் எந்த வகை என்று தெரிந்தால், உதட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிந்துவிடும். பிலோமினா ரவையும் வெல்லமும் கடல்பாசியும் போட்டு அடுப்பில் கிண்டினாள். சந்தியாகு அடுக்களை வாசலில் வந்து நின்று மோப்பம் பிடித்தார்.

“எனக்குக்கூட நீ இப்படிக் கிண்டித் தந்ததில்ல டீச்சர்,” என்றார். இருபத்தைந்து வருஷமாக அவளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

அவள் சிரித்தாள். குப்பிக்கு ஊற்றியது போக மிச்சத்தைக் கிண்ணத்தில் ஆறவைத்துக் கொடுத்தாள். அவர் கரண்டியின் நுனியால் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்தது. சூடு என்றார். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

மலைக்குளிரில் ஈயின் பிள்ளைகள் சோம்பேறிகள். சமவெளியில் பத்து நாளில் பிறக்கிறவை இங்கே எப்போது பிறக்கும் என்று சொல்ல முடியாது. பிலோமினா குப்பியை ஜன்னல் கட்டையில் வைத்து வெயில் காட்டினாள், வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்த்தினாள், பள்ளிக்கு எடுத்துப்போய் மேசையில் வைத்துக்கொண்டாள், திரும்பி வரும்போது பஸ் குலுங்கினால் மார்போடு அணைத்துக்கொண்டாள். முட்டைகள் தெரிந்தன, வெள்ளைப் பொட்டில் இரண்டு கொம்பு முளைத்ததைப் போல. புழுக்கள் தீனியைக் கிளறிக் கூழாக்கின. தின்று கொழுத்துக் கண்ணாடியில் ஏறி ஒட்டிக்கொண்டு, கோதுமைமணி நிறத்தில் கூடாக இறுகின. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிம்மதி இருந்தது, அந்த நிம்மதிக்குள்ளேயே ஒரு கலக்கமும் இருந்தது. சந்தியாகு பெல்ட்டில் ஆணியால் புதிய ஓட்டை போட்டார். பக்கத்து வீட்டுப் பவுனம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அண்ணனுக்கு ஒடம்பு உருகிப்போச்சே மதினி, பாக்குறீகளா இல்லியா என்று கேட்டாள். பவுனம்மா சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை என்பதால் பிலோமினாவும் வாங்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள். மகன்கள் வந்துவிட்டால் தெரிந்துவிடும்.

கூடுகள் கறுக்கத் தொடங்கிய வாரத்தில்தான் அவளுக்கு ஒரு புதுச் சந்தேகம் முளைத்தது. பொட்டு ஈ சொல்லுக்கு மட்டும்தான் வருகிறது என்று ஊர் சொல்கிறது. ஊர் அதை வாய்க்கொசு என்றும் சொல்கிறது. மலையத்தியிலோ வேறு காட்டுப்பழத்திலோ அது இயல்பாக வாழ்ந்துகொண்டிருந்தால்? அப்படியானால் மகன்கள் பொட்டோடு பிறந்தாலும் அந்தத் தாய் அத்திக்குப் போகிற வழியில் அவர் உதட்டில் இளைப்பாறியவளாக இருக்கலாமே. சோதனையில் ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் முடிவு சொல்லக் கூடாது. சந்தோஷம் என்று சொல்ல முடியாவிட்டாலும் அதற்கு நெருங்கிய ஏதோ ஒன்று அவளுக்கு வந்தது. முடிவு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போயிற்று.

சனிக்கிழமை அதிகாலை வலையும் லென்ஸுமாகக் கரடி ஓடைக்கு இறங்கினாள். கனிந்த மலைவாழையைப் பிசைந்து ஈஸ்ட் தூவிப் புளிக்கவைத்த பாட்டில்களை முந்தின நாளே அங்கே கிளைகளில் கட்டிவிட்டு வந்திருந்தாள். சின்ன ஈயைக் காட்டில் தேடுகிறவர்கள் வெயிலில் தேட மாட்டார்கள். அது ஈரத்தையும் நிழலையும் விட்டு வராது, விடியலிலும் அந்தியிலும்தான் நடமாடும், நடுப்பகலில் இலைக்கடியில் ஒண்டிக்கொள்ளும். ஆகவே ஓடை வளைகிற இடத்தில், கதிர் நுழையாத அத்திமரத்தடியில், ஒவ்வொரு பாட்டிலாக வாயைப் பொத்தி எடுத்து லென்ஸால் பார்த்தாள். கறுத்த உடம்புக்காரர்கள் இருந்தார்கள், கோடு போட்ட முதுகுக்காரர்கள் இருந்தார்கள், ஊருக்குள் மொய்க்கிற பலா ஈயின் அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். உதிர்ந்து அழுகிய அத்திப்பழங்கள் மேல் வலையை வீசினாள். மரப்பட்டையில் வடிந்த பாலைப் பார்த்தாள். குடைக்காளானைப் புரட்டிப் பார்த்தாள். பொட்டு வைத்தது ஒன்றுகூட இல்லை. பொட்டு ஈக்குக் காட்டில் வேலை இல்லை. ஓட்டை அடைபட்டது, ஊர் சொன்னது சரி, இனி மகன்கள் சொல்வதுதான் தீர்ப்பு.

பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வாயைத் திறந்தபோது முகத்துக்கு முன்னால் ஏதோ ஆடியது.

கையால் ஓட்டினாள். திரும்ப வந்தது. ஒன்றல்ல, ஒரு கைப்பிடி. பழக்க தோஷத்தில் உறிஞ்சுகுழாயை எடுத்தாள். உறிஞ்சுவதற்கு முன்பே குழாயின் வாய் வழியாக ஒன்று தானாக உள்ளே நடந்து வந்தது. லென்ஸில் பிடித்தாள். ஆண். இறகு நுனியில் புகைப் புள்ளி. அடுத்ததைப் பார்த்தாள், புள்ளி. அதற்கடுத்ததும். யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள், எதையோ ஒளித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள் என்று எழுந்து நின்று சுற்றுமுற்றும் தேடினாள். எதிர்க்கரையில் கருங்குரங்கு ஒன்று இலை மென்றுகொண்டிருந்தது. நியாயமாக அதையும் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டாள். குரங்கு இலையை முடித்துக்கொண்டு மரம் தாவிப் போயிற்று. ஈக்கள் போகவில்லை. அந்த ஓடையில், அத்திமரத்தடியில், விடிந்தும் விடியாத அந்த வெளிச்சத்தில், அவள் வாயைத் தவிர வேறு வாய் இல்லை.

எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லையே என்று முதலில் நினைத்தாள். பிறகு பாறையிலேயே திரும்ப உட்கார்ந்தாள். சொல்லாத பதிலுக்கு மட்டும்தான் ஈ வரும் என்று யார் சொன்னது? கேட்காத கேள்வியும் சொல்தான். மாசியிலிருந்து நாக்கின் அடியில் வைத்திருந்தது எப்போது கனிந்தது, எப்போது தோல் விட்டது, எவ்வளவு நாளாக இந்த ஈக்கள் அவளைச் சுற்றின என்று அவளுக்குத் தெரியவில்லை. கணவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் மூக்குக்குக் கீழே பார்க்க நேரமில்லை. கிட்டங்கியில் அவள் பக்கத்தில் நின்றபோது அவர் உதட்டில் இறங்கிய அந்தப் பெண் ஈ யாரைத் தேடி வந்தவள்? ஓடையிடம் அந்தக் கேள்வியைச் சொல்லிப் பார்த்தாள். ஓடைக்குச் சேர வேண்டிய சொல் அல்ல அது. ஈக்கள் அசையவில்லை.

பாட்டில்களைக் கிளையிலேயே விட்டுவிட்டு மலையேறினாள்.

கிட்டங்கி வாசலில், மதுரைக்குச் சரக்கு ஓட்டுகிற முத்துக்காமுவின் பிக்கப் வண்டி பாதி ஏற்றப்பட்டு நின்றது. சந்தியாகு பலாப் பிசின் ஒட்டிய கையைத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் முகத்துக்கு முன்னால் ஆடிய ஈக்களைப் பார்த்ததும் முத்துக்காமு தார்ப்பாயைக் கட்டுகிற சாக்கில் வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். ஊர் அந்த அளவுக்கு நாகரிகம் பழகியிருந்தது.

“ஏங்க,” என்றாள். மேல்மூச்சு வாங்கியது. “நீங்க செத்துருவீகளோன்னு எனக்குப் பயமா இருக்கு. அன்னைக்கி ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?”

ஈக்கள் அவளை விட்டு விலகின. அவர் எண்ணெய்க் கையைப் பார்த்தபடியே இருந்தார். விரலிடுக்குகளில் ஒன்றும் மிச்சமில்லாதபோதும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தொண்டைக்குக் கீழ எதுவோ வளந்திருக்காம்,” என்றார். “கொழாய் விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கணுமாம். பாத்தாத்தான் எதுவும் சொல்ல முடியுமாம். அதுக்கு ஒரு மாசங் கழிச்சு ஒரு புதன்கெழமதான் எடம் இருக்கு, அந்த நாளத் தள்ளக் கூடாதுன்னு சொன்னாங்க.”

“எந்தப் புதன்?”

“அது போயிருச்சு. போன புதன்.”

பிலோமினா பலா அடுக்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். முள் குத்தியது, எடுக்கவில்லை.

“அன்னைக்கிக் காலைல சொல்லிப்புடணும்னுதான் வந்தேன்,” என்றார் அவர், யாருக்கோ சாதகமாகப் பேசுகிறவரைப் போல. “ரெண்டு தடவ வந்து நின்னேன். நீ ஜன்னல்கிட்ட அந்தக் குப்பியப் பாத்துக்கிட்டு இருந்த. வெளிச்சத்த மறைக்காதீகன்ன. சரி, ஏதோ முக்கியமான வேல, முடியட்டும்னு போயிட்டேன்.”

அதைச் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. அன்றைய வெளிச்சம் நினைவிருந்தது, கூட்டுக்குள் தெரிந்த கண்ணின் சிவப்பு நினைவிருந்தது, நிழல் விழுந்ததும் விலகியதும்கூட நினைவிருந்தன. நிழல் யாருடையது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எவ்வளவு முயன்றும் அதற்குமேல் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

முத்துக்காமுவிடம் மிச்சச் சரக்கை ஏற்ற வேண்டாம் என்றாள். வீட்டுக்குள் போய் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்து, இரண்டு சேலையும் இரண்டு வேட்டியும் பையில் திணித்து, கதவைப் பூட்டிச் சாவியைப் பவுனம்மாவிடம் கொடுத்தாள். பவுனம்மா அப்பவே சொன்னேன்ல என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து, வாழ்நாளில் முதல் தடவையாகப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

குப்பியில் இருந்த மகன்களுக்கு இறகில் பொட்டு இருந்ததா இல்லையா என்று கேட்கிற வாசகர் இருப்பார். கேட்பது நியாயம், எனக்கும் ஆவல்தான். அந்தச் சனிக்கிழமை காலையிலேயே அவை கூட்டை உடைத்து வெளியே வந்து, கண்ணாடியில் ஏறி, கசங்கிய இறகை உலர்த்திக்கொண்டிருந்தன என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். பையை எடுக்க ஜன்னல் பக்கம் போனவள் குப்பியைத் தாண்டித்தான் கையை நீட்டினாள். லென்ஸ் கழுத்திலேயே தொங்கியது. ஆளில்லாத வீட்டில் தீனி காய்ந்து பூசணம் படிந்துவிட்ட பிறகு அதில் எதையும் படிக்க முடியாது.

வண்டியின் முன்னிருக்கையில் மூவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள், சந்தியாகு நடுவில். கொண்டை ஊசி வளைவுகளில் முத்துக்காமு, பின்னால் இருப்பது பழமல்ல, முட்டை என்பதைப் போல ஓட்டினான்.  மூன்றாவது வளைவில் கீழே சமவெளி தெரிந்தபோது சந்தியாகு அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பொழச்சுக்குவேனா டீச்சர்?”

அவளுக்கு நிறையத் தெரியும். சோறு எதனால் இறங்காமல் போகும், அங்கே என்னென்ன வளரலாம், எதை வெட்டலாம், எதை வெட்ட முடியாது என்று படித்ததெல்லாம் வரிசையாக நாக்குக்கு வந்தன. அவற்றுக்கு முன்னால் இன்னும் சீக்கிரமாக, ஒண்ணும் ஆகாதுங்க, வாயுவாத்தான் இருக்கும், பயப்படாதீக என்பதும் வந்து நின்றது. ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற, சொன்னதும் இரண்டு பக்கமும் வாய் மூடிக்கொள்கிற அந்தச் சொல். அதைச் சொல்லிவிட்டிருக்கலாம். மதுரை வரும் வரை தாங்கியிருக்கும்.

“தெரியல,” என்றாள்.

அவர் அதை வாய்க்குள் போட்டு மென்று பார்ப்பவரைப் போலத் தாடையை அசைத்தார்.

“ஒனக்கும் தெரியலேல்ல,” என்றார். “அப்ப சரி.” தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டார். கனமே இல்லை, அத்தனை லேசாகிவிட்ட தலையை அவள் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். வளைவில் வண்டி திரும்பியது, பின்னால் பலாக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வழியில் பிடித்த மேகம் கலைந்து, வெயில் முகத்தில் அடித்தது. மணி பார்த்தால் சனிக்கிழமை வெளிநோயாளி நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.

“முத்துக்காமு,” என்றாள் அவரை எழுப்பாத குரலில், “பழம் நசுங்கினா நசுங்கட்டும். வெரசாப் போப்பா.”